காவல் மரத்தில் கட்டிய யானை

புறநானூற்றின் 162-ஆம் பாட்டைக் கல்லூரியில் நமக்குப் புலவனின் தன்மானத்துக்கு உதாரணமாகச் சொல்லிக்கொடுத்தார்கள். பிற்பாடு மேடைகளில் கேட்டதும் அதுவே. பெருஞ்சித்திரனார் வெளிமானிடம் பரிசில் கேட்டுப் போகிறார். வெளிமான் கொடுக்கச் சொல்லியும் இளவெளிமான் கையைச் சுருக்கிக்கொண்டு ஏதோ கொஞ்சம் கொடுக்கிறான். புலவர் அதை வாங்காமல் முதிரமலைக் குமணனிடம் போய்ப் பாடி, ஒரு யானையைப் பெற்றுவந்து, வெளிமான் ஊரின் காவல் மரத்தில் கட்டுகிறார். கேட்பவர்களுக்கும் பஞ்சமில்லை, கொடுப்பவர்களுக்கும் பஞ்சமில்லை என்று இளவெளிமானுக்குக் காட்டிவிட்டு, இந்த யானை நான் தரும் பரிசில் என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். முதிரம் உடுமலை, பழனிப் பக்கத்து மலைகளில் ஒன்று என்று சொல்வார்கள். ஆகவே எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதில் கூடுதலாக ஒரு பெருமையும் உண்டு.

பாட்டை மேடையிலிருந்து இறக்கி வைத்துப் படித்தால் வேறு ஒன்று தெரிகிறது. பகைவனின் காவல் மரத்தில் யானையைக் கட்டுவது வென்ற அரசன் செய்கிற காரியம். பெருஞ்சித்திரனார் படையில்லாமல், கேட்டு வாங்கிவந்த ஒரு யானையை வைத்துக்கொண்டு அதே காரியத்தைச் செய்கிறார். கொடையின் உருவத்தில் வந்த படையெடுப்பு இது. பரிசில் என்ற சொல்லும் இங்கே பெற்றதற்கும் கொடுப்பதற்கும் பொதுவாக நிற்கிறது. குமணன் தந்ததும் அதுதான், இளவெளிமான் தலையில் கட்டப்படுவதும் அதுதான். இதில் வருந்துவதாகப் பாட்டு சொல்லும் ஜீவன் ஒன்று உண்டு. அது மரம். யானைக்கு உயரம், நலம் என்று இரண்டு அடைமொழிகள் கிடைக்கின்றன, அவ்வளவுதான். புலவர் போன பிறகு அன்று ராத்திரி யானையை யார் அவிழ்த்தார்கள், யார் தழை போட்டார்கள் என்று பாட்டில் இல்லை. பாட்டில் இருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பதினைந்து வருஷமாக இந்தப் பாட்டை மேற்கோள் காட்டி வருகிற எனக்கு அந்தக் கேள்வி ஒருமுறைகூடத் தோன்றாமல் போனது எப்படி?

தோன்றியது 2023 நவம்பரில், ஒரு பத்திரிகைச் செய்தியால். வாஷிங்டன் மிருகக்காட்சிசாலையிலிருந்து மூன்று பாண்டாக் கரடிகள் சீனாவுக்குத் திரும்பிப்போயின. மே ஷியாங், தியான் தியான் என்ற ஜோடி 2000-இல் வந்தது. மூன்றாவது, அவற்றுக்கு 2020-இல் வாஷிங்டனிலேயே பிறந்த குட்டி. அங்கேயே பிறந்தது எதற்காகப் போக வேண்டும் என்று கிளையில் பக்கத்து மேஜைக்காரர் கேட்டார். ஒப்பந்தம் அப்படி என்றேன். கடன் பிரிவில் உட்கார்ந்திருப்பவனுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

முன்பு ஒப்பந்தம் இருக்கவில்லை, தானம்தான். 1941-இல் சியாங் கை ஷேக்கின் மனைவி நியூயார்க்குக்கு இரண்டு பாண்டாக்களைக் கொடுத்தார். மாவோவின் சீனா 1957-இல் மாஸ்கோவுக்கு ஒன்றை அனுப்பியது. 1972 பிப்ரவரியில் நிக்ஸன் சீனா போனபோது, விருந்து மேஜையில் பாண்டாப் படம் போட்ட சிகரெட் டப்பாவைப் பார்த்து நிக்ஸனின் மனைவி வியக்க, சூ என்லாய் உங்களுக்குக் கொஞ்சம் தருகிறேன் என்றார் என்றும், சிகரெட்டையா என்று அந்த அம்மாள் கேட்டார் என்றும் ஒரு கதை உண்டு. ஏப்ரலில் லிங் லிங், ஷிங் ஷிங் இரண்டும் வாஷிங்டனில் இறங்கின. பதிலுக்கு அமெரிக்கா மில்டன், மெட்டில்டா என்று இரண்டு கஸ்தூரி எருதுகளை அனுப்பியது. அவற்றை இன்றைக்கு யாருக்கு ஞாபகம் இருக்கிறது? அழகில்லாத மிருகத்துக்கு ராஜதந்திரத்திலும் இடமில்லை. லிங் லிங் ஐந்து குட்டிகள் ஈன்றது. ஐந்தும் சில நாட்களுக்குமேல் தங்கவில்லை. பெற்றோரையும் குட்டிகளையும் சேர்த்து எத்தனை கேலிச்சித்திரம், எத்தனை தலையங்கம்! இரண்டு வல்லரசுகளின் உறவு கருத்தரிக்குமா என்று எழுதுவதற்கு ஒரு மிருகத்தின் கர்ப்பப்பை தோதாக வாய்த்தது.

1984-க்குப் பிறகு சீனா தானத்தை நிறுத்திவிட்டுக் கடனுக்கு மாறியது. பொதுவாகப் பத்து வருஷத் தவணை, ஜோடிக்கு வருஷத்துக்குப் பத்து லட்சம் டாலர், பிறக்கிற குட்டி சீனாவுக்கு. 2008-இல் தைவானுக்குப் போன ஜோடிக்கு வாடகை இல்லை, ஏனென்றால் தைவான் வெளிநாடு இல்லை என்பது பெய்ஜிங்கின் கட்சி. அந்த ஜோடியின் பெயர்கள் துவான் துவான், யுவான் யுவான். இரண்டையும் சேர்த்துச் சொன்னால் பிரிந்தவர் கூடுதல் என்று பொருள். பெயர் வைக்கும்போதே காவல் மரத்தில் முடிச்சு விழுந்துவிட்டது.

எங்கள் பக்கம் ஆட்டை, மாட்டை வாரத்துக்கு விடுவது உண்டு. காசுள்ளவர் வாங்கிக் கொடுப்பார், இல்லாதவர் வளர்ப்பார். தாய் சொந்தக்காரருடையது; ஈத்தில் வந்த குட்டிகளில் பாதிக்குப் பாதி. பெய்ஜிங்கின் வாரத்தில் வளர்ப்பவனுக்குக் குட்டியில் கால் பங்குகூட இல்லை, மேற்கொண்டு பணமும் கட்ட வேண்டும். கொடுமையான வாரம்தான். இருந்தும் ஒரு குமாஸ்தாவாக எனக்கு 1972-இன் தானத்தைவிட இந்தக் கடன் நேர்மையானதாகப் படுகிறது. தானத்தில் கணக்கு மறைந்திருக்கிறது. கடன் என்று வந்துவிட்டால் மிருகத்தின் வயசு, உடம்பு, திரும்பும் தேதி எல்லாவற்றையும் யாராவது ஒருவர் எழுதியாக வேண்டும். அந்த அளவுக்காவது அது ஒரு உடம்பு என்று ஒப்புக்கொண்டாகிறது.

சீனாக்காரனைப் பார்த்துச் சிரிப்பது நமக்குச் சுலபம். நம்முடைய யானைகளைப் பற்றிப் பேசும்போது குரல் இறங்கிவிடுகிறது.

1943 ஆகஸ்டில் டோக்கியோவின் உவேனோ மிருகக்காட்சிசாலையில் ஆபத்தான மிருகங்களைக் கொல்லும்படி நகர கவர்னரின் உத்தரவு வந்தது. குண்டுவீச்சில் கூண்டு உடைந்து மிருகங்கள் ஊருக்குள் வந்துவிடும் என்பது காரணம். ஆனால் டோக்கியோவின் மீது தொடர்ந்த குண்டுவீச்சு தொடங்கியது 1944 நவம்பரில்தான். யுத்தத்தின் தீவிரத்தை ஜனங்களுக்கு உணர்த்துவதே உத்தரவின் உள்நோக்கம் என்று வரலாற்றாசிரியர்கள் பின்னால் காட்டினார்கள். யானைகள் மூன்று: ஜான், டோங்கி, வான்லி. வான்லிக்கு ஜப்பானியர் வைத்த பெயர் ஹனாகோ. டோங்கியை செண்டாய் நகரத்துக்கு அனுப்பிக் காப்பாற்ற மிருகக்காட்சிசாலைக்காரர்கள் முயன்றார்கள், கவர்னர் சம்மதிக்கவில்லை. யானைகளைப் பட்டினி போட்டார்கள். ஜான் ஆகஸ்ட் 29-இல் செத்தது. செப்டம்பர் 4-ஆம் தேதி, கொல்லப்பட்ட மிருகங்களுக்கு நினைவஞ்சலி நடந்தது. பௌத்த குருமார்கள் வந்தார்கள், பள்ளிக் குழந்தைகள் வந்தார்கள், கவர்னரும் வந்தார். அந்த நேரத்தில் ஹனாகோவும் டோங்கியும் சாகவில்லை. யானைக் கொட்டகையைத் திரை கட்டி மறைத்திருந்தார்கள். ஹனாகோ செத்தது செப்டம்பர் 11-இல், டோங்கி 23-இல்.

இதைப் படித்த அன்று எனக்கு வேறு வேலை ஓடவில்லை. கொடூரத்தைப் பற்றி நான் அதிகம் சொல்ல விரும்பவில்லை. யுத்த காலத்தில் மனிதருக்கு நடந்தது இதைவிடக் கொடூரம். என்னை உறுத்துவது அந்தத் திரை. திரைக்கு இந்தப் பக்கம் யானைகள் தியாகிகளாகிவிட்டன. மந்திரம் ஓதியாயிற்று, குழந்தைகள் அழுதாயிற்று. திரைக்கு அந்தப் பக்கம் இரண்டு யானைகள் பசியோடு நின்றுகொண்டிருக்கின்றன. குறியீடு பூர்த்தியாகிவிட்டது, மிருகம்தான் இன்னும் பாக்கி. 1951-இல் இந்தச் சம்பவம் ஒரு குழந்தைக் கதையாக வெளிவந்தது. அதில் குண்டுகள் ஏற்கெனவே விழுந்துகொண்டிருக்கின்றன. ஆகவே யாரும் குற்றவாளி இல்லை, யுத்தம் மட்டுமே குற்றவாளி. தலைமுறை தலைமுறையாக ஜப்பானியக் குழந்தைகள் அதைக் கேட்டு அழுதிருக்கிறார்கள். அழுகை உண்மையானது. கதை தேதியை மாற்றிக்கொண்டுவிட்டது.

யுத்தம் முடிந்தபோது உவேனோவில் யானை இல்லை. நகோயாவில் மட்டும் இரண்டு பிழைத்திருந்தன. அவற்றைப் பார்க்க 1949-இல் குழந்தைகளுக்குத் தனி ரயில் விட்டார்கள். டோக்கியோக் குழந்தைகள் நேருவுக்கு எழுதினார்கள். மைசூரிலிருந்து பதினைந்து வயசுப் பெண் யானை ஒன்று கப்பலேறி அந்த வருஷம் செப்டம்பரில் போய்ச் சேர்ந்தது. நேரு தன் மகளின் பெயரை அதற்கு வைத்தார். கூடவே ஒரு கடிதம்: இதை நான் தருவதாக நினைக்காதீர்கள், இந்தியக் குழந்தைகள் ஜப்பானியக் குழந்தைகளுக்குத் தருவது என்ற பொருளில். நல்ல கடிதம் அது. தோற்ற நாட்டைப் பழிக்காமல், அணுகுண்டு விழுந்து நாலு வருஷம் ஆன ஒரு நாட்டின் குழந்தைகளோடு நேரடியாகப் பேசியவர் வேறு யார்? நேருவை இந்த விஷயத்தில் குறைசொல்ல எனக்கு மனசில்லை. ஆனாலும் யானையின் அறிவு, பொறுமை, பலம், சாந்தம் என்று குணங்களை அடுக்கி அவற்றை இந்தியாவின் குணங்களாக ஆக்கும் அந்த வாக்கியங்களில், இந்திரா என்ற யானை மெல்ல மெல்ல மறைகிறது.

அது திரும்பத் தெரிகிற இடம் ஒன்று உண்டு. மைசூர் யானைக்குக் கன்னடக் கட்டளைகள்தான் தெரியும். கூடப்போன பாகர்களிடம் உவேனோ ஊழியர்கள் அவற்றைக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. ராஜதந்திரிகளின் பிரசங்கமெல்லாம் முடிந்த பிறகு, ஒரு ஜப்பானியர் வாயில் நுழையாத ஒலியைச் சொல்லிப் பார்க்கிறார், யானை காலைத் தூக்கவில்லை, மறுபடி சொல்கிறார். டாப்சிலிப்பில் மலசர் பாகர்கள் யானையோடு பேசுவதை அருகிலிருந்து கேட்டவர்களுக்குத் தெரியும், அது அதிகாரமும் கொஞ்சலும் கலந்த, வேறு எந்த உபயோகத்துக்கும் ஆகாத ஒரு பாஷை. அதில் யானை எதற்கும் குறியீடாக இருப்பதில்லை. அந்தச் சில வாரங்களை யாராவது எழுதியிருந்தால் அதுதான் இந்த விவகாரத்தின் இலக்கியமாக இருந்திருக்கும். இந்திரா 34 வருஷம் உவேனோவில் இருந்து 1983-இல் செத்தது.

அம்பிகாவின் கதை இன்னும் நீளம். குடகுக் காட்டில், அதாவது நம் முதுமலைக்குத் தொடர்ச்சியான காட்டில், ஏறக்குறைய எட்டு வயசில் பிடிபட்டு, மரம் இழுக்கப் பழக்கப்பட்டு, 1961-இல் வாஷிங்டனுக்குப் போனது. கொடுத்தவர்கள் மறுபடியும் இந்தியக் குழந்தைகள். அதே சாலைக்கு 1976-இல் இலங்கையிலிருந்து சாந்தி என்ற குட்டி யானை போனது. கொடுத்தவர்கள் இலங்கைக் குழந்தைகள். 1961-இல் என் பெரியப்பாவுக்குப் பத்து வயசு. பொங்கலூரில் மாடு மேய்த்துக்கொண்டிருந்தார். தான் வாஷிங்டனுக்கு ஒரு யானை கொடுத்திருப்பது நான் சொல்லித்தான் அவருக்குத் தெரியும். சிரித்துவிட்டு, "அதுக்குத் தட்டு கிட்டு போடறானுங்களாடா?" என்று கேட்டார். சோளத்தட்டைச் சொல்கிறார். நேருவின் கடிதத்திலும் இல்லாத, பெருஞ்சித்திரனாரிடமும் இல்லாத கேள்வி. அம்பிகாவை 2020 மார்ச் 27-இல் கருணைக்கொலை செய்தார்கள். வயசு சுமார் 72. சாந்தியும் அதே வருஷம் ஜூனில் போய்விட்டது. ஒரு ஜோடிப் பாண்டாவுக்குத் திரும்பும் தேதி இருந்த அதே மிருகக்காட்சிசாலையில், தானமாகப் போன இரண்டுக்கும் அது இல்லை.

இதை ஏன் ஒரு கவிதைப் பத்திரிகையில் எழுத வேண்டும்? நம் கவிதைகளின் கூண்டுகளைப் பற்றிப் பேசவேண்டியிருப்பதால். கூண்டுப் புலி என்றால் நவீன மனிதன், சங்கிலி யானை என்றால் தன் பலம் அறியாத ஜனங்கள், சர்க்கஸ் சிங்கம் என்றால் விலைபோன கலைஞன். நம்மில் இதைச் செய்யாதவர்கள் யார்? கோயில் யானையைப் பற்றி ஒரு கவிதை வந்தபோது நான் மெச்சி எழுதினேன். அதில் எனக்கே பிடித்த வாக்கியம், யானை இங்கே யானையல்ல என்பது. அதை அன்று பாராட்டாக எழுதினேன். என் கூண்டு அனுபவமெல்லாம் கோவை வ.உ.சி. பூங்காவோடு சரி. 2022-இல் மத்திய ஆணையம் அங்கீகாரத்தை ரத்துசெய்த அந்த இடத்தில், சின்ன வயசிலிருந்து எந்தக் கூண்டின் முன்னும் பத்து நிமிஷம் சேர்ந்தாற்போல் நான் நின்றதில்லை. கூண்டைப் பற்றி நாலு கவிதை மட்டும் எழுதியிருக்கிறேன். நாலும் அச்சாகியிருக்கின்றன.

இதைச் சொன்னபோது நண்பர் ஒருவர், கவிதை என்ன ஜீவகாருண்ய சங்கமா, எந்தப் பொருளும் வேறொன்றாக ஆகாமல் கவிதை எப்படி வரும் என்று கேட்டார். நியாயமான கேள்வி. என் பதில், எந்தக் கட்டத்தில் ஆகிறது என்பதைப் பொறுத்தது என்பதுதான். ரில்கேயின் சிறுத்தைக் கவிதையை எடுத்துக்கொள்ளலாம். பாரிஸ் தாவரத் தோட்டத்து மிருகசாலையில் பிறந்தது அது. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு வெர்சேய் அரண்மனையில் மிச்சமிருந்த ராஜாவின் மிருகங்களை வைத்து ஆரம்பித்த சாலை, ஆகவே அந்தக் கூண்டுக்கும் ராஜாக்களின் சம்பந்தம் உண்டு. அந்தக் கவிதை கடைசிவரை மிருகத்தின் நடையையும் பார்வையையும் விட்டு நகர்வதில்லை. வெளியே நிற்பவனின் சோகத்தை அதன் முதுகில் ஏற்றுவதில்லை. நமக்கு என்ன அர்த்தம் வேண்டுமோ அதை நாம் பிற்பாடு எடுத்துக்கொள்ளலாம். நம்முடைய கவிதைகளிலோ முதல் வரியிலேயே நினைவஞ்சலி தொடங்கிவிடுகிறது. மிருகம் திரைக்குப் பின்னால் நின்றுகொண்டிருக்க, நாம் முன்னால் நின்று மந்திரம் ஓதுகிறோம். உவேனோவின் பட்டினியையும் நம் படிமப் பழக்கத்தையும் ஒரே தட்டில் வைக்கிறேன் என்று யாராவது சொன்னால், வைக்கவில்லை. இரண்டுக்கும் அந்தத் திரை பொது என்று மட்டும் சொல்கிறேன்.

எங்கள் கிளையில் கறவை மாட்டுக்குக் கடன் கொடுத்தால் மாட்டின் காதில் எண் போட்ட வில்லை குத்துவார்கள். மாடு செத்தால் இன்சூரன்ஸுக்கு வில்லை வந்தாக வேண்டும். வில்லை இல்லையென்றால் அந்த மாடே இருந்ததில்லை என்று அர்த்தம். முன்பு காதோடு அறுத்துக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவருவார்களாம். ஓய்வு பெற்ற ஒரு காசாளர் சொல்லியிருக்கிறார். கடன் நேர்மையானது என்று மேலே எழுதியதற்கு எதிராக நானே இதையும் எழுதிவைக்க வேண்டியிருக்கிறது. கொண்டுவருகிறவர் காதை மேஜைமேல் வைத்துவிட்டு மாட்டின் பெயரைத்தான் சொல்வாராம். காசாளர் எண்ணை எழுதிக்கொள்வாராம்.

கொடுத்த யானை திரும்பிவந்ததாக எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு சமாசாரம். தாய்லாந்து 2001-இல் இலங்கைக்குக் கொடுத்த சக் சுரின் என்ற ஆண் யானைக்கு இலங்கையில் முத்துராஜா என்று பெயர். அளுத்கமைக்குப் பக்கத்தில் ஒரு விகாரையில் இருந்தது. முன்னங்கால் ஒன்று காயப்பட்டு மடங்காமல் போய்விட்டது. இருபது வருஷத்துக்குப் பிறகு அதை யாரோ பார்த்து, தாய்லாந்தில் கூச்சல் எழுந்து, இலங்கைப் பிரதமர் மன்னிப்புக் கேட்கும்படி ஆயிற்று. 2023 ஜூலை 2-ஆம் தேதி ஒரு ருஷ்ய சரக்கு விமானத்தில், நாலு தாய்லாந்துப் பாகர்களோடும் ஓர் இலங்கைப் பாகரோடும் அது புறப்பட்டுப் போனது. இரண்டு அரசாங்கங்களும் நட்பைப் பற்றி அறிக்கை விட்டிருக்கும். நான் தேடிப் படிக்கவில்லை. அந்த இலங்கைப் பாகர் எத்தனை நாள் அங்கே தங்கினார், எந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டுத் திரும்பினார் என்பதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.